ரிஸ்க்-ஃபைவ் புரொசசருக்கு மென்பொருளைக் கொண்டுபோகும்போது வரும் தொகுப்பிப் பிழைகள்

[திரையில்: லினக்ஸ் முனையம். 'மேக்' கட்டளைக்குப் பின் பிழைச் செய்திகள் வரிவரியாக ஓடுகின்றன.]

வணக்கம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அருகே அறை எடுத்துப் படிக்கும் மாணவரிடம் பெரும்பாலும் இன்டெல் அல்லது ஏஎம்டி மடிக்கணினிதான் இருக்கும். ரிஸ்க்-ஃபைவ் என்ற வேறு வகைப் புரொசசர் பொருத்திய பலகை கையில் இல்லாமல் அதற்கான மென்பொருளைத் திருத்த முடியுமா? தாராளமாக முடியும். ஜிசிசி என்பது நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் தொகுப்பி. அதன் குறுக்குத் தொகுப்பி வடிவம், ரிஸ்க்-ஃபைவுக்கான நிரலை உங்கள் கணினியிலேயே உருவாக்கும். வேறொரு புரொசசரைப் போல நடிக்கும் கியூஈமு என்ற மென்பொருள் அதை அங்கேயே ஓட்டிக் காட்டும். இரண்டும் இலவசம்.

ரிஸ்க்-ஃபைவ் 2010இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 2025 ஓகஸ்டில் வெளியான டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பு அதற்கு அதிகாரபூர்வ ஆதரவு தந்தது. ஆனால் பழைய சி நிரல்கள் பலவற்றுக்கு இப்படியொரு புரொசசர் இருப்பதே தெரியாது.

பிழைகள் கொட்டினால் மேலே போய் முதலாவதை மட்டும் படியுங்கள். மற்றவற்றில் பாதி அதனால் வந்தவையாக இருக்கும்.

தொகுப்பு தொடங்கும் முன்பே 'இயந்திரத்தை அடையாளம் காண முடியவில்லை' என்று நின்றால், கணினியின் வகையைக் கண்டறியும் கான்ஃபிக்.கெஸ், கான்ஃபிக்.சப் கோப்புகள் பழையவை. க்னூ திட்டம் வெளியிடும் புதிய பிரதிகளைப் போடுங்கள், தீர்ந்துவிடும்.

[திரையில்: எம்மின்ட்ரின்.ஹெச் கோப்பு இல்லை என்ற பிழை.]

இது இன்டெல் வகைப் புரொசசர்களின் எஸ்எஸ்இ2 என்ற, பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் கட்டளைகளுக்கான தலைப்புக் கோப்பு. அதே வேலையைச் செய்யும் சாதாரண சி வடிவம் பெரும்பாலும் நிரலிலேயே இருக்கும். ரிஸ்க்-ஃபைவை அந்தப் பக்கம் திருப்புங்கள். இல்லாவிட்டால் நீங்களே எழுதுங்கள். உள்ளே ஒன்றுமில்லாத சார்பை வைத்துப் பிழையை மறைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தொகுப்பி வாயை மூடிக்கொள்ளும். பயனருக்குத் தவறான விடை போய்ச் சேரும்.

[திரையில்: இணைக்கும் கட்டத்தில், 'அட்டமிக்' என்று தொடங்கும் சார்பு கிடைக்கவில்லை என்ற பிழை.]

இங்கே சற்று நிதானியுங்கள். நிரலில் பிழை இல்லை. ரிஸ்க்-ஃபைவின் அடிப்படை அணுச் செயல்கள், அதாவது இடையில் வேறு எதுவும் குறுக்கிடாமல் ஒரே மூச்சில் முடியும் செயல்கள், 32, 64 பிட் அளவுகளுக்கே உள்ளன. ஒரு பைட் மாறியை அப்படி மாற்ற வேண்டியிருந்தால், ஜிசிசி 13க்கு முந்தைய பதிப்புகள் அந்த வேலையை லிப்அட்டமிக் நூலகத்திடம் விட்டுவிடும். நூலகத்தை இணைத்தால் போதும். ஆனால் எல்லோருக்குமாக அதைத் திணிக்காதீர்கள். ஒரு சிறு சோதனை நிரல் நூலகம் இல்லாமல் இணைகிறதா என்று பார்த்து, இணையாவிட்டால் மட்டும் சேர்க்கும்படி கட்டமைப்புக் கோப்பில் எழுதுங்கள்.

இனி, பிழைச் செய்தியே இல்லாமல் வரும் ஆபத்து. இன்டெல் லினக்ஸில், ஓர் எழுத்தை வைக்கும் 'சார்' என்ற மாறி வகை எதிர்மறை எண்ணையும் ஏற்கும். ரிஸ்க்-ஃபைவிலும், ஆர்ம் என்ற இன்னொரு வகைப் புரொசசரிலும் ஏற்காது. ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கும் கெட்சார் என்ற சார்பு தரும் விடையை 'சார்' மாறியில் வைத்தால், கோப்பின் முடிவைக் குறிக்கும் -1 அங்கே 255 ஆகிவிடும். முடிவு வந்ததே தெரியாமல் நிரல் சுற்றிக்கொண்டே இருக்கும். மாறியை 'இன்ட்' என்ற முழு எண் வகை ஆக்குங்கள். இந்த ஒரு சொல் மாற்றம் ஆர்ம் கணினிகளுக்கும் சேர்த்தே பயன் தரும்.

[திரையில்: கியூஈமுவில் சோதனைகள் ஓடுகின்றன.]

மென்பொருளுடன் வரும் சோதனைகள் அனைத்தையும் கியூஈமுவில் ஓட்டிய பிறகு, ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனியாக அனுப்புங்கள். தொகுப்பியின் பதிப்பையும், கியூஈமுவில்தான் சோதித்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். வேகத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் எழுத வேண்டாம். உண்மையான பலகையின் வேகத்தைக் கியூஈமு காட்டாது.