ஜிம்மி யார்?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நடந்தால் யார் ஜெயித்தார் என்று எல்லோரும் கேட்பார்கள். எனக்கு அதற்கு முந்தைய கேள்வியில்தான் எப்போதும் ஈடுபாடு. பேர் தெரியாத ஒருவருக்குக் கட்சி எப்படி சீட் கொடுத்தது? 'அதிர்ஷ்டம்', 'அலை' என்பார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. விதி மாறியிருக்கும், அதை இவர் முதலில் படித்திருப்பார். இன்று நான் சொல்லப்போவது இதுதான்.

அங்கேயும் ஒரு காலத்தில் கட்சிப் பெருந்தலைகள் வைத்ததுதான் சட்டம். 1968-ல் துணை அதிபர் ஹம்ஃப்ரி ஒரு முன்தேர்தலில்கூட (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்களில் நடக்கும் வாக்கெடுப்பு) நிற்காமல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். வேட்பாளரை முடிவு செய்யும் சிகாகோ கட்சி மாநாட்டுக்கு வெளியே போராடியவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியது. அந்தக் கொந்தளிப்புக்குப் பிறகு விதியைத் திருத்தினார்கள். அந்த மாநாட்டில் வேட்பாளருக்கு ஓட்டுப்போடும் பிரதிநிதிகளில் பெரும்பாலோரைச் சாதாரண வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் நிலை வந்தது.

சரி, இப்போது 1976 தேர்தலில் ஜெயித்து அதிபரான ஜிம்மி கார்ட்டர். ஜார்ஜியா ஆளுநர், நிலக்கடலை விவசாயி. 1974 டிசம்பரில் போட்டியிடப் போவதாக அறிவித்தபோது, 'ஜிம்மி யார்?' என்றுதான் கேட்டார்கள். அடுத்த மாதமே பதவிக்காலம் முடிந்தது. போட்டியாளர்களில் பலர் வாஷிங்டனில் சபைக்குப் போய்வர வேண்டியவர்கள். இவருக்கு நாள் முழுக்க ஊர் சுற்ற நேரம் இருந்தது.

சுற்றிய இடம் அயோவா மாநிலம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்கு மிகப் பிடித்த கட்டம். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அப்போது அங்கே வாக்குச்சாவடி கிடையாது. ஜனவரிக் குளிரில், ராத்திரி நேரத்தில், அக்கம்பக்கத்தார் பள்ளிக்கூடத்திலோ யார் வீட்டிலோ கூடி உட்கார்ந்து முடிவு செய்வார்கள். வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரை ஒவ்வொருவராகப் பார்த்துவிடலாம் என்பதே கார்ட்டரின் கணக்கு. ஹோட்டல் எடுக்காமல் ஆதரவாளர் வீடுகளில் தங்கினார். காலையில் தன் படுக்கையைத் தானே சரிசெய்துவிட்டுக் கிளம்பினார். அந்த வீட்டுக்காரர் அதைத் தெருவெல்லாம் சொல்லாமல் இருப்பாரா?

1976 ஜனவரி 19. கார்ட்டருக்குச் சுமார் 28 சதவீதம். கவனியுங்கள், அவர் முதலிடம்கூட இல்லை! 'இன்னும் யாருக்கும் உறுதி சொல்லவில்லை' என்றவர்கள் 37 சதவீதம். ஆனால் பேருள்ள வேட்பாளர்களில் அவர்தான் முதல். அடுத்து வந்த பர்ச் பை என்ற செனட்டருக்கு 13. பத்திரிகைகள் கார்ட்டர் ஜெயித்தார் என்றே எழுதின. அதோடு 'ஜிம்மி யார்?' போயே போய்விட்டது.

அப்புறம் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் முன்தேர்தல். ஜார்ஜியாக்காரர்கள் சொந்தச் செலவில் வந்து, பனியில் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். 'நிலக்கடலைப் படை' என்றே பேர். இங்கேயும் 28 சதவீதம்தான், ஆனால் முதலிடம். ஏன்? யூடால், பர்ச் பை, ஹாரிஸ், ஷ்ரைவர் என்று முற்போக்காளர் ஓட்டு நாலாகச் சிதறியது. சின்னவர் ஜெயிக்கும் இடங்களில் பெரும்பாலும் இதைப் பார்க்கலாம்: பெரியவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் ஊழல் முடிந்த கையோடு, 'உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்' என்றவரின் பேச்சு எடுபட்டதும் உண்மை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்க முதலில் ஆள் வர வேண்டும். வரவழைத்தது அயோவா.

கடைசியில் கலிஃபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுனும் செனட்டர் ஃபிராங்க் சர்ச்சும் களமிறங்கிப் பல மாநிலங்களில் அவரைத் தோற்கடித்தார்கள். பிரயோஜனமில்லை. புது விதியால் தோற்ற பல இடங்களிலும் கார்ட்டருக்கு ஓட்டுக்கேற்ற பிரதிநிதிகள் சேர்ந்துகொண்டே வந்தார்கள். விதி என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். ஒபாமாவைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், ஒன்று மட்டும். 2008 பிப்ரவரி 5 அன்று, அதே கட்சி சீட்டுக்கு அவரோடு போட்டியிட்ட ஹிலாரி நியூஜெர்சி என்ற பெரிய மாநிலத்தில் ஜெயித்தார். ஒபாமா ஐடஹோ என்ற சின்ன மாநிலத்தில் ஜெயித்தார். ஆனால் ஓட்டுக்கேற்ற பிரதிநிதிகள் என்ற அதே விதியால், பிரதிநிதி எண்ணிக்கையில் அதிக வித்தியாசத்தைக் கொடுத்தது ஐடஹோதான். வணக்கம்.