ஒன்பது மாதத்தில் குட்டி வீசும் குதிரை

[காட்சி: உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கொட்டகை. விடியற்காலை. செல்போன் வெளிச்சம்.]

ராத்திரி கொள்ளு தின்றுவிட்டு நன்றாகத்தான் நின்றது. விடிந்து பார்த்தால் வைக்கோல் மேல் குட்டி கிடக்கிறது. பைகூடக் கிழியவில்லை. அழுகல் இல்லை, நாற்றம் இல்லை. தூங்குகிற மாதிரி இருக்கிறது. ஒன்பது மாதச் சினை. இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் எழுந்து நின்றிருக்கும்.

"கண்ணு பட்டுருச்சு" என்பார்கள். வண்டியில் பூட்டினதால்தான் என்று வளர்த்தவரையே குறை சொல்வார்கள். ஏற்கெனவே நொந்து நிற்பவருக்கு அந்தப் பேச்சு எவ்வளவு வலிக்கும்! இப்படிக் கடைசி மாதங்களில், முன்னறிகுறியே இல்லாமல் குட்டி வீசினால், அதாவது சினை கலைந்து செத்த குட்டி விழுந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது குதிரை ஹெர்பிஸ் வைரஸ் முதல் வகையை. மருத்துவர்கள் ஈ.எச்.வி.-1 என்பார்கள்.

[காட்சி: மூக்கிலிருந்து கருப்பை வரை வரைபடம்.]

இது மூக்கு வழியாகத்தான் நுழைகிறது. லேசான காய்ச்சல், கொஞ்சம் சளி. சில குதிரைகளில் அதுவும் தெரியாது. அப்புறம் ரத்த வெள்ளையணுக்களில் ஏறிக் கருப்பைக்குப் போகிறது. அங்கே சிறு ரத்தக்குழாய்கள் புண்ணாகி அடைபட, நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரை விட்டுக் கழன்றுவிடுகிறது. குட்டிக்கு உயிர்க்காற்று நிற்கிறது. தொற்றி இரண்டு வாரத்திலும் வீசலாம், சில மாதம் கழித்தும் வீசலாம். ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குப் போய்வந்த குதிரை ஐப்பசியில் வீசினால், இரண்டையும் யார் சேர்த்துப் பார்க்கிறார்கள்?

வெளிக்குதிரை வந்துதான் ஆக வேண்டும் என்றும் இல்லை. ஒருமுறை புகுந்த வைரஸ் ஆயுசுக்கும் உடம்பில் பதுங்கியிருக்கும். நீண்ட லாரிப் பயணமோ வேறு நோயோ அதை எழுப்பிவிடும்.

[காட்சி: ஆலமரக் கிளையில் தொங்கும் சாக்கு மூட்டை.]

பசு கன்று போட்டால் நஞ்சுக்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது நம் ஊர் வழக்கம். இங்கே தயவுசெய்து வேண்டாம். கண்மாய்க் கரையில் போடவும் வேண்டாம், நாய் இழுத்துவந்துவிடும். அந்தக் குட்டி, பை, நீர் எல்லாவற்றிலும் வைரஸ் நிறைந்திருக்கிறது. கையுறை போட்டு மூடிவைத்து, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நுரையீரலிலும் கல்லீரலிலும் துண்டு எடுத்து பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்புவார். அதற்குப் பிறகுதான் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும். வீசிய குதிரையைத் தனியாகக் கட்டுங்கள். பக்கத்தில் நின்ற சினைக் குதிரைகளை 28 நாள் எங்கேயும் அனுப்பாதீர்கள். தீனி, தண்ணீர் முதலில் அவற்றுக்கு. வீசியதைக் கடைசியில் கவனியுங்கள். மனிதருக்கு இது தொற்றாது. ஆனால் நம் கையும் வாளியும் அதைச் சுமந்துபோகும்.

சரி, தடுப்பூசி? உண்டு. சினையின் 5, 7, 9-ஆம் மாதங்களில் போடுவார்கள். ஹரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் நம் நாட்டிலேயே ஒன்றை உருவாக்கியிருக்கிறது. முழுக் காப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே கொட்டகையில் அடுத்தடுத்து வீசுவது குறையும்.

இன்னொன்று. வீசிய குதிரை மலடு என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் அது மறுபடி சினை பிடிக்கும். நல்லபடியாகக் குட்டியும் போடும்.