மட்டக்குதிரைக்கு அடுத்த குதிரை

நேயர்களுக்கு வணக்கம். மட்டக்குதிரையில் சவாரி பழகிய பிள்ளை 13, 14 வயதில் மளமளவென்று வளர்ந்து, கால்கள் அதன் வயிற்றுக்குக் கீழே தொங்கத் தொடங்கும்போது, பெரிய குதிரை வாங்கும் பேச்சு வீட்டில் எழுகிறது. அந்தத் தேர்வைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேடு தரையிலிருந்து 58 அங்குலத்தைத் தாண்டினால் அதைக் குதிரை என்று கொள்வது பொது வழக்கம். ஆனால் சவாரி செய்யும் பிள்ளை உயரத்தைவிட முதலில் உணர்வது குதிரை எடுத்துவைக்கும் எட்டின் நீளத்தைத்தான். கேன்டர் எனப்படும் நிதானமான பாய்ச்சல் ஓட்டத்தில் குதிரையின் ஒரு எட்டு ஏறத்தாழ 12 அடி. மட்டக்குதிரையின் எட்டு அதைவிடக் குறுகியது. தடையை நோக்கிப் போகையில், இன்னும் இரண்டு எட்டு இருக்கிறது என்று பழைய பழக்கத்தில் கணக்கிட்ட பிள்ளை, அதற்குள் தடை கண்முன் வந்துவிடுவதைக் கண்டு திகைத்துக் கடிவாளத்தை இழுத்துவிடும். அந்த இழுப்புக்கு மிரண்டு தலையைத் தூக்குகிற குதிரையா, அதைப் பொறுத்துக்கொண்டு அமைதியாகத் தாண்டுகிற குதிரையா என்பதை வைத்தே நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆகவே அனுபவம் முதிர்ந்த குதிரையையே நான் பரிந்துரைக்கிறேன். இளங்குதிரையும் பிள்ளையும் ஒன்றாகக் கற்று வளரட்டும் என்ற ஆசை பல பெற்றோருக்கு உண்டு. அதை ஊக்குவிக்க எனக்கு மனம் வருவதில்லை. குதிரையின் முதுகெலும்பு முழு வளர்ச்சி அடையவே ஏறத்தாழ 6 வயது ஆகிவிடுகிறது; ஒன்றும் அறியாத இரு உயிர்கள் ஒன்றையொன்று அச்சுறுத்திக்கொள்வதே பெரும்பாலும் நடக்கிறது. 8 முதல் 15 வயதுக்குட்பட்ட, பல கைகள் பழகிய குதிரை போதும். பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரை மலிவாகக் கிடைக்கலாம். ஓடுவதற்கென்றே பழக்கப்பட்ட அதை வேறு வேலைக்குத் திருப்புவது தேர்ந்த பயிற்சியாளரின் பணி.

உயரத்திலும் பேராசை வேண்டாம். சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது 100 கிலோ. எனவே 60 முதல் 63 அங்குலம் வரையுள்ள குதிரையே பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாராளமாக ஈடுகொடுக்கும்.

பார்க்கப் போகும்போது, சேணம் பூட்டி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதுகில் வியர்வை காய்ந்த தடம் இருந்தால், நீங்கள் வருமுன்பே அதை ஓட்டிக் களைப்பூட்டியிருக்கக் கூடும். மேய்ச்சலிலிருந்து பிடித்து வருவதையும், குளம்புகளை ஒவ்வொன்றாகத் தூக்குவதையும், சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கும்போது காதுகள் பின்னுக்கு மடங்குகின்றனவா என்பதையும் நின்று கவனியுங்கள். முதலில் விற்பவர் ஏறட்டும், பிறகு உங்கள் பயிற்சியாளர், கடைசியாகப் பிள்ளை. மற்றக் குதிரைகளோடு சாதுவாக நடக்கும் குதிரை, தனியே வெளியே அழைத்தால் வாயிலிலேயே திரும்பிக்கொள்வதுண்டு. ஆகவே லாயத்தை விட்டுத் தனியாக ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதை மட்டும் தவிர்க்காதீர்கள். இன்னொரு நாள் மீண்டும் போய்ப் பாருங்கள்.

இறங்கி வந்த பிள்ளையிடம் நிறம் பிடித்ததா என்று கேட்காமல், மேலே இருந்தபோது எப்படி இருந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கத்தை நான் பெரிதும் மதிப்பேன்.

விலை பேசி முடிக்குமுன், விற்பவரோடு தொடர்பில்லாத கால்நடை மருத்துவர் ஒருவர் பரிசோதிக்க வேண்டும். அவர் குதிரையைக் கெட்டியான தரையில் ஓடவிட்டும், காலைச் சிறிது நேரம் மடக்கிப் பிடித்து உடனே ஓடவிட்டும் நொண்டல் தெரிகிறதா என்று பார்ப்பார். இரத்த மாதிரியும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். வலிமருந்தோ அமைதிப்படுத்தும் மருந்தோ கொடுத்து மறைத்திருந்தால் பின்னர் அது காட்டிக்கொடுக்கும்.

சில காலம் குத்தகைக்கு எடுத்துப் பார்க்க வாய்ப்பிருந்தால் அதுவே மிக நல்லது. காயம்பட்டால் செலவு யாருடையது என்பதை மட்டும் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த குதிரைக்குப் பழைய தீவனத்தையே தொடர்ந்து கொடுங்கள். திடீர் மாற்றம் கடும் வயிற்றுவலியில் கொண்டுபோய் விடலாம் என்பதால், புதிய தீவனத்தை 10 நாட்களுக்குக் குறையாமல் சிறிது சிறிதாகக் கலந்து பழக்குங்கள். தடை தாண்டுவதைச் சில வாரங்கள் தள்ளிவைத்துவிட்டு, பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, நடையும், ட்ராட் எனப்படும் மெல்லோட்டமுமாகவே பிள்ளை அதை ஓட்டட்டும்.