பாடத்திட்டம் வரைவாக இருக்கும்போதே வாருங்கள்
(புதிய ஆசிரியர்களுக்கான அறிமுகக் கூட்டத்தில் நூலகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

புதிதாகப் பணியேற்றிருக்கும் ஆசிரியர்களே, மூத்த பேராசிரியர்களே, வணக்கம்.

நூலகத்தில் என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் வாசிக்க நான் வரவில்லை. அது கையேட்டிலேயே இருக்கிறது. என் கோரிக்கை ஒன்றுதான். பாடத்திட்டம் வரைவாக இருக்கும்போதே எங்களிடம் காட்டுங்கள். பருவம் தொடங்கிய பிறகு வந்தால், எங்களால் முடிந்ததில் பாதியைத்தான் செய்ய முடியும்.

ஒரு நூலைக் கட்டாய வாசிப்பு என்று அறிவிக்கிறீர்கள். நூலகத் தளத்தில் அது மின்நூலாக இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அறிவிக்கிறீர்கள். ஆனால் பல மின்நூல்களை, ஒரு நேரத்தில் ஒருவரோ மூவரோ மட்டும் திறக்கக்கூடிய உரிமத்தோடுதான் பதிப்பகங்கள் விற்கின்றன. தேர்வுக்கு முந்தைய இரவு வகுப்பே அந்த நூலைத் தேடி வருகிறது. முதலில் வந்தவர் படிக்கிறார். மற்றவர்கள் திரையைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். மறுநாள், ‘யாருமே படித்துவிட்டு வரவில்லை’ என்று நாம் கோபித்துக்கொள்கிறோம். அது அந்தப் பிள்ளைகளுக்கு இழைக்கும் அநீதி. முன்கூட்டியே தெரிந்தால், பலர் ஒரே நேரத்தில் படிக்கும் உரிமம் கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்போம். இல்லையென்றால் அச்சுப் படிகளை ஒதுக்கி வைத்து, சில மணி நேர இரவலுக்குத் தருவோம். பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு ஓர் இயலை ஸ்கேன் செய்தும் கொடுக்கலாம். தன் படைப்பை மற்றவர்கள் பயன்படுத்த ஆசிரியரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002இல் வந்த பிறகு, இலவசமாகப் படிக்கக்கூடிய பாடநூல்கள் பல துறைகளில் பெருகியிருக்கின்றன. அவற்றைத் தேடித் தருவதும் எங்கள் வேலைதான்.

இன்னொன்று, கட்டுரைகளின் இணைப்பு. முகவரிப் பட்டையில் தெரிவதை அப்படியே நகலெடுத்து அனுப்பாதீர்கள். உங்களுக்குத் திறக்கும் அது, வீட்டிலிருந்து படிக்கும் மாணவரிடம் பணம் கேட்கக்கூடும். நூலகம் தரும் நிலையான இணைப்பையே கொடுங்கள்.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். பழைய நூலின் பக்கங்களைக் கோணலாக ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கினால், அது வெறும் படம். திரைவாசிப்பு மென்பொருளுக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. 2013இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கை, இத்தகைய வாசகர்களுக்கு ஏற்ற வடிவில் நூல்களை மாற்றித் தர வழி திறந்திருக்கிறது. ஆனால் ஒரு முழு நூலை படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் எழுத்துணரி மென்பொருள் வழியே மாற்றி, பிழை திருத்தி, அட்டவணைகளைச் சீராக்க நாள் பிடிக்கும். வகுப்பு தொடங்கிய பிறகு கேட்டால், அந்த மாணவர் மட்டும் பின்தங்கிவிடுவார்.

நூலகப் பயிற்சி வகுப்பையும் பருவத் தொடக்கத்தில் ஒரு சடங்காக நடத்த வேண்டாம். மாணவர் கையில் ஒப்படைப்புக்கான கேள்வி இருக்கும்போது எங்களை அழையுங்கள். செயற்கை நுண்ணறிவு தந்த மேற்கோள் பட்டியலைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டுரையும் உண்மையிலேயே இருக்கிறதா என்று டிஓஐ எண்ணை, அதாவது ஒரு கட்டுரைக்கெனத் தரப்படும் நிலையான அடையாள எண்ணை, வைத்து அவர்களே சரிபார்க்கட்டும். சில எண்கள் எங்குமே போய்ச் சேராது. சில, சம்பந்தமே இல்லாத கட்டுரையில் போய் நிற்கும். தேடல் நுணுக்கங்களைக் கற்றுக்கொள்ளும் ஆர்வம் அந்த இடத்தில் தானாக வருகிறது.

ஒவ்வொரு துறைக்கும் ஒரு பொறுப்பு நூலகர் இருக்கிறார். வரைவுப் பாடத்திட்டம், மாணவர் எண்ணிக்கை, ஒப்படைப்புத் தேதிகள் ஆகிய மூன்றையும் இந்த வாரமே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.