ஒரே கூரையில் கான்கார்டும் டூ-144ம்: போனால் எதைப் பார்ப்பது?

[திரையில்: நெடுஞ்சாலையிலிருந்து தெரியும் இரண்டு வெள்ளை விமானங்கள்]

ஜெர்மனியில் ஏ6 நெடுஞ்சாலையில் போகும்போது, ஜின்ஸ்ஹைம் ஊரருகே ஒரு மியூசியத்தின் கூரைமேல் இரண்டு விமானங்கள் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பது காரிலிருந்தே தெரியும். ஒன்று கான்கார்டு. மற்றது சோவியத் யூனியனின் டுபோலெவ் டூ-144. ஒலியை மிஞ்சும் வேகத்தில் பயணிகள் சேவை நடத்தியவை இந்த இரண்டு ரகங்கள்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க இந்த மியூசியத்தை விட்டால் வேறு இடம் கிடையாது.

தூரத்தில் அச்சு அசல் இரட்டையர். ஆனால் கான்கார்டு 27 வருடம் பயணிகளைச் சுமந்தது. டூ-144 சுமந்தது ஏழே மாதம்: 1977 நவம்பர் முதல் 1978 ஜூன் வரை, மாஸ்கோவுக்கும் அல்மா-அட்டாவுக்கும் (இன்றைய கஜகஸ்தானின் அல்மாட்டி) இடையே மொத்தம் 55 பயணிகள் விமானங்கள். ஏன் இந்த வித்தியாசம்?

[திரையில்: டூ-144ன் காக்பிட்டுக்குப் பின்னால் உள்ள சிறகுகள்]

கீழே நின்று முதலில் டூ-144ன் தலைப்பக்கம் பாருங்கள். காக்பிட்டுக்குப் பின்னால், மீசை மாதிரி இரண்டு குட்டிச் சிறகுகள். தரையிறங்கும்போது வேகம் குறையும். அப்போது மூக்கைத் தூக்கிப் பிடிக்க இவை விரியும், மற்ற நேரத்தில் மடங்கிக்கொள்ளும். கான்கார்டில் இது இல்லை. அதன் இறக்கையின் வளைவே குறைந்த வேகத்தில் காற்றைச் சுழலவிட்டு, தேவையான தூக்குவிசையைத் தந்துவிடும்.

அப்புறம் இன்ஜின். கான்கார்டு புறப்படும்போதும் ஒலிவேகத்தைத் தாண்டும்போதும் மட்டும் ஆஃப்டர்பர்னரைப் போட்டது; அதாவது, இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான காற்றில் கூடுதலாக எரிபொருளை ஊற்றி எரிப்பது. வேகம் பிடித்ததும் அணைத்துவிடுவார்கள். பயணிகளை ஏற்றிய டூ-144 ரகத்துக்கு வழி நெடுக அது தேவைப்பட்டது. எரிபொருள் கரைந்தது, உள்ளே இரைச்சலும் தாங்கவில்லை. பக்கத்து சீட்காரரிடம் பேசுவதே பெரும்பாடு. ஜின்ஸ்ஹைமில் நிற்பது பின்னால் வந்த 144டி. புது இன்ஜின் வந்தும் அது பயணிகள் சேவைக்கு வரவில்லை.

[திரையில்: சுழல் படிக்கட்டு, கான்கார்டின் உள்ளே]

சரி, மேலே ஏறுவோம். சாய்த்து நிறுத்தியிருப்பதால் காக்பிட்டுக்குப் போவதே ஒரு குட்டி மலையேற்றம். கான்கார்டில் பறக்க அந்நாளில் இருந்த டிக்கெட் விலையைக் கேள்விப்பட்டு அரண்மனையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்: ஒரே நடைவழி, இருபுறமும் இரண்டிரண்டாக நூறு சீட், உள்ளங்கையளவு ஜன்னல். ஜன்னல் சிறியதற்குக் காரணம் உண்டு. 18 கிலோமீட்டர் உயரத்தில் அது உடைந்தால் காற்று மெதுவாகத்தான் வெளியேற வேண்டும். விமானி கீழே இறங்க அவகாசம் வேண்டுமே.

மியூசியத்தில் பார்க்கவே முடியாத ஒன்று உண்டு: பறக்கும்போது கான்கார்டு நீளும். மணிக்கு 2,150 கிலோமீட்டர் வேகத்தில் மூக்கு நுனி 127 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். உடல் 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை விரியும். ஃப்ளைட் இன்ஜினியரின் பேனலுக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவில் ஓர் இடைவெளி திறக்கும். கடைசிப் பயணங்களில் சில இன்ஜினியர்கள் அதில் தங்கள் தொப்பியைச் செருகினார்கள். விமானம் குளிர்ந்தது, இடைவெளி மூடிக்கொண்டது, தொப்பி மாட்டிக்கொண்டது! சியாட்டிலில் நிற்கும் கான்கார்டு அப்படித் தொப்பியை விழுங்கிய விமானம்தான். எனக்கு எந்தத் தகவல் பலகையையும்விட அந்தத் தொப்பி அதிகம் சொல்கிறது.

[திரையில்: நியூயார்க் இன்ட்ரெபிட் மியூசியம்]

நியூயார்க் போகிறவர்கள் இன்ட்ரெபிட் மியூசியத்தில் நிற்கும் ஜி-போஏடி என்ற கான்கார்டைத் தவறவிடாதீர்கள். 1996 பிப்ரவரி 7ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் பறந்தது இதுதான். அதற்கும் முன்னால், பஹ்ரைன் வழியாக லண்டன்–சிங்கப்பூர் சேவையிலும் ஓடியது. 1977 டிசம்பரில் தொடங்கி, சில நடைகளிலேயே மலேசியாவின் எதிர்ப்பால் நின்று, 1979ல் மறுபடி தொடங்கி, 1980ல் முடிந்துபோன சேவை. அந்நாளில் இதன் இடப்பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணம், வலப்பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வண்ணம். இப்போது போய்த் தேடினால் இரண்டு பக்கமும் பிரிட்டிஷ் ஏர்வேஸ்தான்.