ஓட்டம் யார் ரத்தத்தில் இருக்கிறது?

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், நம் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில், ஆலய மண்டபத்தில் பேசியது. கேட்டவர்கள் விரும்பியதால் எழுதித் தருகிறேன்.)

ஆலயத் தலைவர் ஐயா அவர்களே, கூப்பிட்டவுடன் வந்த கவுன்சிலர் அவர்களே, பள்ளி முதல்வர் அம்மா அவர்களே, சம்பளம் வாங்காமல் சனிக்கிழமைதோறும் தமிழ் சொல்லித்தரும் ஆசிரியைகளே, விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்று இத்தனை பேருக்கும் காய்கறி பிரியாணி ஆக்கிய தாய்மார்களே, பின்வரிசையில் நிற்கும் தம்பிமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"நம்ம பிள்ளைகளுக்கு ஓட்டம் வராது, அது ரத்தத்திலேயே இல்லை" என்று நம் வீட்டுப் பெரியவர்களே சொல்கிறார்கள். அதனால் மூன்று விஷயம் பேச வந்தேன்: மரபணு, பயிற்சி, மைதானம்.

மரபணுவுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்டிரான்டா 1964 இன்ஸ்புரூக் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கினார். அவர் குடும்பத்தில் ஒரு மரபணு மாறியிருந்ததால் பிறவியிலேயே சிவப்பணுக்கள் மிக அதிகம், உடம்பு முழுக்க ஆக்சிஜன் அதிகமாகப் போகும். அப்புறம் ஏசிடிஎன்3 என்று ஒரு மரபணு. வேகமாகச் சுருங்கும் தசைநாரில் ஒரு புரதத்தை அது உண்டாக்குகிறது. உலகில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்தப் புரதம் கிடையவே கிடையாது, நோயும் இல்லை, நடமாட்டத்தில் குறையும் இல்லை. உச்சநிலை குறுந்தூர ஓட்டக்காரர்களில் மட்டும் அப்படிப்பட்டவர்கள் மிகவும் அபூர்வம்.

ஆனால் ஒரு சாதிக்கோ நிறத்திற்கோ ஓட்டத்தை எழுதிக்கொடுத்த மரபணு என்று எதையும் யாரும் காட்டவில்லை. நெடுந்தூர ஓட்டத்தில் பேர்பெற்ற கென்யாவின் கலெஞ்சின் மக்களிடம் தேடியும் அப்படி ஒன்று அகப்படவில்லை. ஹெரிடேஜ் என்ற ஆய்வில், உடற்பயிற்சியே செய்யாதவர்களை குடும்பம் குடும்பமாகச் சேர்த்து 20 வாரம் ஒரே பயிற்சி கொடுத்தார்கள். சிலருக்கு மூச்சுத்திறன் நன்றாக ஏறியது, சிலருக்கு ஏறவே இல்லை என்று சொல்லலாம். அந்த வேறுபாட்டில் கிட்டத்தட்ட பாதி குடும்பவழி வருவது என்று கணக்கிட்டார்கள். சரி, மீதிப் பாதி? அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்!

என் மாமா ஒருவர் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். காம்ரேட்ஸ் ஓட்டம் 1921இல் தொடங்கியது, டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். நம்மவர்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் பெண்களுக்கும் 1975இல்தான் முறைப்படி கதவு திறந்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் மாமா பெயர் கொடுத்தார். மேஸ்திரி சிரித்தார், "உன் ஆட்களுக்கு ரத்தத்திலேயே கிடையாது" என்றார். அதைக் கேட்ட நாளிலிருந்து மாமா அதிகாலையில் எழுந்து, வேலைக்குப் பேருந்தில் போகாமல் ஓடியே போனார். போட்டியன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் நோக்கிய ஏற்றப் பாதை. கால்விரல் வீங்கியதால் ஷூவின் முனையைப் பிளேடால் அறுத்துவிட்டு ஓடினார். போலி ஷார்ட்ஸ் என்ற கடைசிப் பெரிய மேட்டில் அத்தை புளிச்சோற்றை உருட்டி வைத்துக்கொண்டு நிற்கிறாள், கையில் நல்லெண்ணெய் வழிகிறது. இவர் வந்தார், நிற்கவில்லை, வாயைத் திறந்தார், அத்தை ஓடிக்கொண்டே ஊட்டினாள், ஒரு உருண்டை, இரண்டு உருண்டை, மூன்றாவது சாலையில் விழுந்தது. "போங்க, போங்க!" என்று கத்தினாள். அப்போது கெடு 11 மணி நேரம். நேரம் முடிந்ததும் நடுவர் ஓட்டக்காரர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியைச் சுடுவார், ஓரடி பின்னால் இருந்தாலும் பதக்கம் இல்லை. மாமா கோட்டைத் தாண்டிய பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. திங்கட்கிழமை வெண்கலப் பதக்கத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார், யாரிடமும் காட்டவில்லை, மேஸ்திரியே வந்து கேட்டுப் பார்த்தார். அடிமேல் அடி, ஐயா!

அந்த மாமா ஓடிப் பழகிய மைதானம்தான் இன்று பாதி வேலியடைத்துக் கிடக்கிறது. விளக்குகள் எரிவதில்லை. ஆறு மணிக்கு மேல் பெண்பிள்ளைகளை அங்கே யார் அனுப்புவார்கள்? டர்பனில் நம் வீடுகளில் சர்க்கரை வியாதி இல்லாத குடும்பத்தைத் தேடிப் பாருங்கள். அதிலும் மரபணுவுக்குப் பங்கு உண்டு, ஆனால் ஓடுவதற்கும் நடப்பதற்கும் இடமில்லாமல் போவது நம்மால் மாற்றக்கூடிய காரியம். எந்தப் பிள்ளைக்கு எந்த மரபணு என்று பார்க்க எச்சிலை எடுத்துப் பரிசோதிக்கும் கம்பெனிகள் வந்துவிட்டன. அதற்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொடுங்கள், பிள்ளையை ஓடவிட்டுப் பாருங்கள்.

கவுன்சிலர் அவர்களே, மனு தயாராக இருக்கிறது. வேலியை எடுக்க வேண்டும், விளக்கு போட வேண்டும், பெண்பிள்ளைகளுக்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டும். வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் தாள் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறோம். சாப்பிடப் போவதற்கு முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.