பன்னிரண்டு தூண்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

அந்த மேடைமேல் ஏற எனக்கு ஒரு பையன் கை கொடுக்க வேண்டியிருந்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன். முதல் படி என் இடுப்புக்கு மேலே இருந்தது. மனிதர்கள் ஏறுவதற்கான படி அது இல்லை, கோயிலைத் தாங்குவதற்காக வைத்த படி. முன்பின் தெரியாத ஒரு பள்ளிப் பையன் மேலிருந்து குனிந்து, "கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றான். பிடித்து ஏறினேன். அப்புறம் எனக்குப் பின்னால் வந்த ஒரு பாட்டிக்கு நான் கை கொடுத்தேன். அங்கே யார் போனாலும் இப்படி யாராவது ஒருவர் கையைப் பிடித்துத்தான் ஏற வேண்டியிருக்கிறது.

நான் சொல்வது ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவின் கால்டன் குன்றைப் பற்றி. அந்த ஊருக்குப் போகிறவர்கள் முதலில் கோட்டைக்குப் போவார்கள். நானும் போனேன். கோட்டைக்கு நேர் எதிர்த் திசையில், பிரின்சஸ் ஸ்ட்ரீட்டின் கிழக்கு முனையைத் தாண்டினால் இந்தக் குன்று. 103 மீட்டர்தான் உயரம். படிகளில் ஏறினால் பத்து நிமிடத்தில் மேலே போய்விடலாம், காற்று மட்டும் ஆளைத் தள்ளும். எரிமலை விட்டுப்போன பாறை அது. 1724இலேயே நகரசபை அதை வாங்கிப் பொதுவில் விட்டுவிட்டது. இன்றைக்கும் கதவு கிடையாது, டிக்கெட் கிடையாது.

உச்சியில் ஒரு கிரேக்கக் கோயிலின் ஒரு பக்கம் மட்டும் நிற்கிறது. பன்னிரண்டு தூண்கள், அவற்றின்மேல் உத்தரக் கல், அவ்வளவுதான். கூரை இல்லை, சுவர் இல்லை. தூண்களுக்கு அந்தப் பக்கம் புல்லும் வானமும். ஏதென்ஸ் நகரின் பார்த்தனானை அப்படியே எழுப்ப நினைத்துத் தொடங்கியது இது. மூலக் கோயிலைச் சுற்றி வெளிவரிசையில் மட்டும் 46 தூண்கள். இங்கே பன்னிரண்டோடு வேலை நின்றுவிட்டது.

எதற்காகக் கட்டினார்கள்? இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வந்தேன். அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்த நான்கைந்து பேரிடம் கேட்டேன். ஒருவர் பழைய இடிபாடு என்றார், ஒருவர் அழகுக்காகக் கட்டியது என்றார். நெப்போலியனோடு நடந்த போர்களில் இறந்துபோன ஸ்காட்லாந்துச் சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் எழுப்பிய நினைவுச்சின்னம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தூண்களில் ஒரு பெயர்கூட வெட்டவில்லையே.

அந்தச் சாவுகள் எப்படிப்பட்டவை என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1809இல் நெதர்லாந்துப் பக்கம் வால்கரன் என்ற சதுப்புத் தீவுக்கு பிரிட்டன் ஒரு பெரும்படையை அனுப்பியது. ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகளும் அதில் போயின. சண்டையில் செத்தவர்கள் நூற்றுச்சொச்சம் பேர். காய்ச்சலில் செத்தவர்கள் ஏறக்குறைய 4,000 பேர். அந்தப் போர்கள் முழுக்கவே இந்த நிலைதான். தரைப்படையிலும் சரி, கப்பலிலும் சரி, குண்டு பட்டுப் போனவர்களைவிட நோயில் போனவர்களே அதிகம். மலைநாட்டுக் கிராமத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவன், முன்பு கேள்விப்பட்டே இராத ஒரு தீவின் சேற்றில் காய்ச்சலில் நடுங்கிச் செத்திருக்கிறான். அவனுக்கு எங்கே கல்லறை? ஊரில் அவன் அம்மா எந்த இடத்தில் போய் அழுவாள்? இந்தச் சின்னத்தை நான் அந்தக் கேள்வியோடுதான் பார்க்கிறேன்.

சரி, கட்டிய கதைக்கு வருவோம். 1822இல் பொதுமக்களிடம் வசூல் தொடங்கியது. வேண்டுகோளில் கையெழுத்துப் போட்டவர்களில் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஒருவர். இன்னொருவர் எல்ஜின் பிரபு, அதாவது ஏதென்ஸில் அசல் பார்த்தனானிலிருந்து சிற்பங்களைப் பெயர்த்து லண்டனுக்குக் கொண்டுபோனவர். அங்கே கோயிலைப் பெயர்த்தவரே இங்கே அதே கோயிலைக் கட்டப் பணம் கேட்டார் என்று படித்தபோது எனக்கு மனம் கனத்துப்போனது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்திருந்த நாட்களிலேயே அடிக்கல்லும் நாட்டிவிட்டார்கள்.

கேட்டது 42,000 பவுண்ட். சேர்ந்தது சுமார் 16,000. ஆனாலும் 1826இல் வேலையைத் தொடங்கினார்கள். வடிவமைப்பு சார்லஸ் காக்கரெலுடையது. ஊரிலேயே இருந்து கட்டியவர் வில்லியம் பிளேஃபேர். கிரேக்லீத் குவாரியின் மணற்கல்தான் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மட்டமான கல்லைப் போட்டிருந்தால் இன்னும் நாலு தூண் எழும்பியிருக்கும். அவர்கள் அதற்கு மனம் ஒப்பவில்லை. பெரிய கற்கள் சிலவற்றைக் குன்றின்மேல் ஏற்ற 12 குதிரைகளும் 70 ஆட்களும் வேண்டியிருந்ததாம். தூண் ஒன்றுக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் ஆனது. 1829இல் பணம் தீர்ந்தது, வேலை நின்றது. நம் பார்த்தனான் அசையாமல் நின்றுவிட்டது, ஸ்காட்லாந்துக்காரர்களின் பெருமிதத்துக்கும் வறுமைக்கும் சாட்சியாக இது நிற்கப்போகிறது என்று பிளேஃபேர் காக்கரெலுக்கு வருத்தத்தோடு எழுதினார்.

அப்புறம் ஊரார் பெயர் வைக்க ஆரம்பித்தார்கள். 'எடின்பரோவின் அவமானம்', 'ஸ்காட்லாந்தின் அவமானம்' என்று. அந்தப் பெயர் இன்றைக்கும் வழக்கில் இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். முதல் திட்டத்தின்படி உள்ளே ஒரு தேவாலயமும், மேடைக்கு அடியில் நிலவறைக் கல்லறைகளும் வருவதாக இருந்தது. யாருக்குக் கல்லறை? வால்கரனில் செத்தவனுக்கா? இல்லை. நாட்டின் முக்கியப் புள்ளிகளுக்கு. கட்டி முடித்திருந்தால் இன்றைக்கு அங்கே பிரபுக்களும் தளபதிகளும் பெயர் பொறித்துப் படுத்திருப்பார்கள். நாம் வரிசையில் நின்று அவர்கள் பெயர்களைப் படித்துக்கொண்டிருப்போம். சிப்பாய்க்கென்று தொடங்கிய இடத்தில் சிப்பாய்க்கு இடம் இருந்திருக்காது. பணம் தீர்ந்ததால் அந்த இடம் அவனுக்கே மிஞ்சியது.

பக்கத்திலேயே பாருங்கள், தொலைநோக்கியை நிமிர்த்தி வைத்ததுபோல் ஒரு கோபுரம். டிரஃபால்கர் கடற்போரில் இறந்த கடற்படைத் தளபதி நெல்சனுக்குக் கட்டியது. 143 படிகள். அதுவும் பொதுமக்கள் வசூலில்தான் எழுந்தது, நடுவில் அதற்கும் பணம் தட்டுப்பட்டது, ஆனாலும் ஒரு வழியாக முடித்துவிட்டார்கள். ஒருவருக்குக் கோபுரம் முழுமையாக நிற்கிறது. அதே போர்களில் செத்த சாதாரணச் சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் பன்னிரண்டு தூண்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது எனக்கு முழுமையாகத் தெரிந்தது தூண்கள்தான். பெயரில்லாமல் போனவர்களுக்கு இதைவிடப் பொருத்தமாக எதைக் கட்டிவிட முடியும்?

மேடைமேல் ஏறியதும் ஒரு தூணில் உள்ளங்கையை வைத்தேன். மேலிருந்து கீழாக ஓடும் குழிவரிகளில் ஒன்றுக்குள் என் கை சரியாக அடங்கியது. கல் கறுத்திருக்கிறது, கரிப்புகை சூழ்ந்த நகரத்தின் பல ஆண்டுப் புகை. ஈரமும் குளிருமாக இருந்தது. தூண் ஒரே கல் இல்லை. உருளை உருளையாக அடுக்கியிருக்கிறார்கள். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மெல்லிய கோடு. அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தேன். அந்த உருளையைத் தூக்கிவைத்த கல்தச்சர்களின் பெயரும் அதில் இல்லை.

பின்னாளில் கட்டி முடிக்கலாம் என்று பலமுறை பேச்சு எழுந்தது, ஒன்றும் நடக்கவில்லை. நல்லதாயிற்று. அந்தத் திறந்த மேடையை மக்களே எடுத்துக்கொண்டார்கள். 1988 முதல் ஏப்ரல் 30 இரவில் பெல்டேன் தீத் திருவிழா அங்கேதான் தொடங்குகிறது. தூண்களுக்கு நடுவே தீப்பந்தங்கள் வரும். ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் கேட்டு, 1992இலிருந்து 1,980 நாட்கள் சாதாரண மக்கள் இரவும் பகலும் மாறிமாறி உட்கார்ந்து விழித்திருந்ததும் இந்தக் குன்றின் அடியில்தான். அதன் நினைவாக ஒரு கற்குவியல் மேலே இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது போவதாக இருந்தால், பகல் ஒரு மணிக்கு முன்னால் மேலே போய்விடுங்கள். ஞாயிறு வேண்டாம். மற்ற நாட்களில் அந்த ஒரு மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடிக்கும், ஒரு காலத்தில் லீத் துறைமுகக் கப்பல்கள் நேரம் சரிபார்க்க ஏற்பட்ட வழக்கம். நான் தூண்களுக்கு நடுவே நின்றபோது அந்தச் சத்தம் வந்தது. பக்கத்தில் இருந்த குழந்தைகள் துள்ளிக் குதித்தார்கள். எனக்குக் கை கொடுத்த பையனும் அங்கேதான் இருந்தான். இந்தத் தூண்கள் யாருக்காக என்று அவனிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் தூண்களையே பார்த்தான். பிறகு கேட்டான்: "எத்தனை பேர்?"

நன்றி. வணக்கம்.